மாலை வகுப்புப் பாடமும் காலை ஷிப்ட்டும்

டிப்ளமா முடித்தபின், பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் கோயம்புத்தூர் ஆலையொன்றில் தர ஆய்வாளராக வேலை பார்த்துக்கொண்டே, மாலை வகுப்புகளில் பகுதிநேர பி.இ. படித்தேன். வகுப்பில் உட்காரும்போது உடல் களைத்திருக்கும் என்றாலும், இரவு படித்ததை மறுநாள் காலையே இயந்திரத்தின் அருகில் நின்று சோதிக்கும் வாய்ப்பு முழுநேர மாணவர்களுக்குக் கிடைப்பதில்லை. அதை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதையும், எங்கே தவறினேன் என்பதையும் இதே நிலையில் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924-இல் உருவாக்கிய கன்ட்ரோல் சார்ட்தான், அதாவது அளவுகளை வரிசையாகக் குறித்து இயந்திரம் நிலையாக ஓடுகிறதா என்று காட்டும் வரைபடம்தான், என் வேலையோடு நேரடியாகப் பொருந்திய பாடம். கணினி கட்டுப்பாட்டில் ஓடும் எங்கள் சிஎன்சி லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) 25 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட்டுகளைக் கடைந்துகொண்டிருந்தோம். டாலரன்ஸ், அதாவது அளவு விலக அனுமதிக்கப்பட்ட வரம்பு, கூட்டியும் குறைத்தும் 0.02 மி.மீ. ஆபரேட்டர் ஒவ்வொரு ஷாஃப்ட்டையும் அளந்து, 25-இலிருந்து சிறிது விலகினாலும் உடனே ஆஃப்செட்டை (வெட்டும் கருவியின் நிலையைச் சரிசெய்யும் எண்ணை) திருத்துவார். அதை நாங்கள் அனைவரும் பொறுப்புணர்வு என்றே கருதியிருந்தோம். நிலையாக ஓடும் இயந்திரத்தை ஒவ்வொரு அளவுக்கும் முழுமையாகத் திருத்திக்கொண்டே இருந்தால், அளவுகளின் மாறுபாட்டெண் (அவை எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் வேரியன்ஸ்) இருமடங்காகும் என்று ஆசிரியர் கரும்பலகையில் நிறுவிய அன்றைக்கு எனக்கு எங்கள் லேத்தைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை.

மறுநாளே அவசரமாகச் சார்ட் வரைந்தேன். புள்ளிகள் ஒழுங்கின்றித் தாவின. ஆசிரியரிடம் காட்டியபோது, எந்தக் கருவியில் அளந்தாய் என்று மட்டும் கேட்டார். 0.01 மி.மீ. வரை மட்டுமே காட்டும் சாதாரண மைக்ரோமீட்டர் அது. மொத்த டாலரன்ஸ் 0.04 மி.மீ. என்றால், கருவி அதில் பத்தில் ஒரு பங்கையாவது, அதாவது 0.004 மி.மீ. அளவையாவது, பிரித்துக் காட்ட வேண்டும். அளவீட்டு முறையின் நம்பகத்தன்மை பற்றிய பாடம் எங்கள் பாடத்திட்டத்தில் கடைசியில் இருந்தது. வேலையிடத்தில் அதுதான் முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 0.001 மி.மீ. காட்டும் டிஜிட்டல் மைக்ரோமீட்டரை வாங்கிக்கொண்டு, ஒரே பத்து ஷாஃப்ட்டுகளை இருவர் மும்முறை அளந்து, எங்கள் அளவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே மீண்டும் தொடங்கினேன்.

கணக்கைவிடக் கடினமாக இருந்தது ஆபரேட்டரிடம் பேசுவதுதான். பதினைந்து ஆண்டுகள் அந்த லேத்தில் நின்றவரிடம், நீங்கள் செய்வது தவறு என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. "அண்ணே, ஒரு ஷிப்ட் மட்டும் ஆஃப்செட்டைத் தொடாமல் ஓட்டிப் பார்ப்போமா? அளவை நீங்களே எழுதுங்கள்" என்று கேட்டேன். பீஸ் ரிஜெக்ட் ஆனால் பழி தன்மேல் விழும் என்று தயங்கினார். சூப்பர்வைசரிடம் முன்அனுமதி வாங்கிக் கொடுத்தபின் ஒப்புக்கொண்டார். ஐந்தைந்தாக எடுத்த மாதிரிகளின் சராசரி ரேஞ்ச் (ஒவ்வொரு ஐந்திலும் பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசம்) 0.016 மி.மீட்டரிலிருந்து 0.012 ஆகக் குறைந்தது. ஐந்து ஷாஃப்ட் கொண்ட மாதிரிக்கான 0.577 என்ற மாறிலியால் அதைப் பெருக்கி, சராசரிக்கு மேலும் கீழும் சுமார் 0.007 மி.மீ. தொலைவில், இயல்பான ஏற்ற இறக்கம் அடங்க வேண்டிய கட்டுப்பாட்டு எல்லைகளை வரைந்தோம்.

அடுத்த பாடத்தை லேத்தே கற்றுத் தந்தது. இன்சர்ட் (லேத்தின் வெட்டும் முனை) தேயத் தேய ஷாஃப்ட்டின் விட்டம் மெல்ல ஏறியது. சராசரி மாறாது என்ற புத்தகத்தின் அனுமானம் அங்கே பொருந்தவில்லை. ஆஃப்செட்டை அறவே தொடக்கூடாது என்ற என் முடிவைக் கைவிட்டு, சார்ட்டில் தொடர் ஏற்றம் தெரியும்போது மட்டும் திருத்துவது என்று ஆபரேட்டருடன் சேர்ந்து முடிவு செய்தோம். எந்த ஷாஃப்ட் எண்ணிக்கைக்குப் பிறகு ஏற்றம் தொடங்கும் என்பது அவருக்கு முன்பே கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது.

கட்டுப்பாட்டு எல்லைக்கும் டாலரன்ஸ் எல்லைக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வில் கேட்டபோது, இந்த ஷாஃப்ட்டின் எண்களையே எடுத்துக்காட்டாகத் தந்து எழுதினேன், மனப்பாடம் தேவைப்படவில்லை. நீங்களும் ஒரு பருவத்துக்கு ஒரு பாடத்தை மட்டும் தேர்ந்து, மாற்றத்துக்கு முந்தைய அளவுகளைத் தவறாமல் குறித்துவைத்துத் தொடங்குங்கள். ஆலையின் அளவுகளைப் புராஜெக்ட் அறிக்கையில் சேர்ப்பதாயிருந்தால் எழுத்துமூல அனுமதி பெற்று, வாடிக்கையாளர் பெயரையும் வரைபட எண்ணையும் நீக்கிவிடுங்கள்.