22 வயதில் இருந்த எனக்கு

நேற்று ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறை ஒன்றில் ரொம்ப நேரம் நின்றிருந்தேன். கண்ணாடிமேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. ஒவ்வொரு கண்ணிலும் சாயக் கலவையை ஊற்றிவிட்டு, அச்சை ஒரே இழுப்பில் தூக்கினார் அந்த அண்ணன். சாயம் கலையவே இல்லை. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டினார். பூ மறைந்துவிட்டது. காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடி கழன்ற பிறகுதான் முகம் தெரியும். அந்தப் பளபளப்பும் கண்ணாடி கொடுப்பதுதான்.

"நடுவுல எடுத்துப் பார்க்கத் தோணாதாண்ணே?" என்று கேட்டேன்.

"பார்த்தா கல்லு போச்சே தம்பி."

உன்னை நினைத்துக்கொண்டேன். நாலு கோடு போட்டதுமே யாரிடமாவது காட்டுவாய். அவர்கள் முகம் கொஞ்சம் சுருங்கினால் கிழித்துவிடுவாய். முகப்புத் திண்ணையில் அப்பத்தா வெற்றிலை இடிப்பதை வரைந்தாயே, அதையும் கிழித்தாய். உலக்கையைப் பிடித்த அந்த விரல்கள் எப்படி வளைந்திருக்கும் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. அது இன்னும் வலிக்கிறது.

சோற்றுக்கு ஒரு வேலை பார், அதில் வெட்கமே இல்லை. கணக்கெழுதிய சம்பளத்தில்தான் நான் நல்ல தூரிகை வாங்கினேன். விடிகாலை ஒரு மணி நேரத்தை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே. பாதியில் எதையும் காட்டாதே.

அப்புறம், இன்று சாயங்காலமே அப்பத்தாவை மறுபடி திண்ணையில் உட்காரச் சொல். நீ கேட்டால் உட்காருவார்.