அம்மா கண் சிமிட்டிய நவம்பர்

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. பதினோரு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை, பணம் பாட்டுக்கு வங்கிக் கணக்கில் வந்து விழுந்துவிடும். நவம்பர் பிறந்தால்தான் வீட்டில் பரபரப்பு. அம்மா உயிரோடு இருக்கிறார் என்று சான்று கொடுக்க வேண்டும். அரசுக் காகிதத்தில் அதற்கு வாழ்நாள் சான்றிதழ் என்று பெயர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது லைஃப் சர்டிபிகேட்தான். முப்பதாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து பென்ஷன் நின்றுவிடும். பிறகு சான்று கொடுத்தால் நிலுவையோடு சேர்த்து வரும் என்றாலும், மாத்திரைக் கடைக்காரர் அதுவரை காத்திருப்பாரா?

மூன்று வருஷத்துக்கு முன்பு வரை வங்கிக்கு நேரில்தான் போய்க்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு அப்போது எழுபத்து நான்கு. முழங்கால் வலி. ஆட்டோவிலிருந்து இறங்கி வங்கியின் நான்கு படி ஏறுவதற்கே ஐந்து நிமிடம் ஆகும். உள்ளே கைரேகைக் கருவி. அம்மாவின் ரேகை அதில் விழவே விழாது. ஐம்பது வருஷமாகச் சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்து, புளி கரைத்து, மாவாட்டிய கை. விரல் நுனியெல்லாம் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருக்கும். ரேஷன் கடையிலும் இதே கதைதான். வங்கியில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், எலுமிச்சம்பழம் தேய்த்துப் பாருங்கள் என்று வைத்தியம் சொன்னார். ஒன்றும் பலிக்கவில்லை. சரி, காகிதப் படிவத்தில் எழுதிக் கொடுக்கிறோம் என்றால், கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி அன்றைக்கு விடுப்பு. நாளைக்கு வாங்க.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "எதிர்ல உக்காந்திருக்கேன், மிஷினுக்குத் தெரியலேங்கறான்."

அடுத்த வருஷம் இதைப் போனிலேயே முடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆதாரை வைத்து மின்னணு முறையில் லைஃப் சர்டிபிகேட் எடுக்கும் ஜீவன் பிரமாண் என்ற இந்த ஏற்பாடு 2014 நவம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் அப்போது கைரேகையோ கருவிழியோ பதிகிற கருவி தேவைப்பட்டது. முகத்தைக் காட்டியே சான்று எடுக்கும் வசதி 2021 நவம்பரில்தான் சேர்ந்தது. எனக்கு அது தெரியவே இன்னும் ஒரு வருஷம் ஆனது. தெரிந்திருந்தால் அந்த எலுமிச்சம்பழ வைத்தியத்தைக் கேட்காமலே இருந்திருப்பேன்.

போனில் இரண்டு செயலிகள் வேண்டும். ஒன்று ஆதார் ஃபேஸ் ஆர்டி, மற்றது ஜீவன் பிரமாண். முதலாவதை நிறுவிவிட்டு அதன் படத்தைத் தேடிக் கால் மணி நேரம் போனை நோண்டினேன். காணோம். நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். அப்போதும் காணோம். பிறகுதான் புரிந்தது, அது திரையில் தலைகாட்டாது. பின்னணியில் இருந்துகொண்டு, மற்ற செயலி கூப்பிடும்போது மட்டும் கேமராவைத் திறக்கும். கேமராவுக்கு அனுமதி கொடுத்துவிட்டு அதை மறந்துவிடலாம்.

ஜீவன் பிரமாணைத் திறந்ததும் அது முதலில் கேட்டது என் ஆதார் எண்ணை. பென்ஷன் வாங்குவது அம்மா, என்னுடையது எதற்கு என்று குழம்பினேன். போனை இயக்குகிறவர் ஆபரேட்டராகத் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டுமாம். மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்து, ஓடிபி போட்டு, என் முகத்தையும் ஒருமுறை காட்டினேன். அந்தப் போனில் இது ஒருமுறைதான். பென்ஷன்காரரே தனக்குத் தானே ஆபரேட்டராகவும் இருக்கலாம். அதற்கப்புறம் அம்மாவின் ஆதார் எண், மறுபடி ஓடிபி, பிறகு ஒரு நீளமான படிவம். பென்ஷன் எந்த வகை, யார் அனுமதித்தது, எந்த வங்கி வழியாக வருகிறது, பி.பி.ஓ. எண் (பென்ஷன் வழங்கும் ஆணையின் எண்), கணக்கு எண். இதில் வகை என்ற இடத்தில் குடும்ப ஓய்வூதியம் என்பதைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் மேலே இருப்பதை அழுத்திவிட்டால் அம்மாவே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாதிரி ஆகிவிடும்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. நான் சத்தமாகப் படித்தேன். "மறுமணம் செய்துகொண்டீர்களா?"

"யாரைடி கேக்குறான்?"

"உன்னைத்தாம்மா."

அம்மா கொஞ்ச நேரம் சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லைன்னு போடு. அவர் ஒருத்தரோட மல்லுக்கட்டினதே போதும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். இல்லை என்பதை அழுத்தினேன்.

அடுத்தது முகம். இங்கேதான் ஒரு மணி நேரம் போனது. திரையில் ஒரு வட்டம் வரும், அதற்குள் முகம் அடங்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் வட்டம் பச்சையாகும், அப்போது கண்ணைச் சிமிட்ட வேண்டும். எதிரே இருப்பது உயிருள்ள ஆளா, புகைப்படமா என்று அது அப்படித்தான் கண்டுபிடிக்கிறது. ஆனால் அம்மா ஸ்டூடியோ காலத்து ஆள். போட்டோ என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இமை கொட்டாமல், பாஸ்போர்ட் முகத்தோடு உட்கார்ந்துதான் பழக்கம். "சிமிட்டும்மா" என்றால் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, "எடுத்துட்டியா?" என்பார். செயலி நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லித் தொடக்கத்துக்கே போய்விடும். நான் பொறுமையிழந்து ஒருமுறை கத்தியும்விட்டேன். அதற்கு அம்மா, "உனக்கு அ ஆ சொல்லிக் குடுக்கறப்ப நான் இப்படியா கத்தினேன்?" என்றார்.

ஏழாவது முறையோ எட்டாவது முறையோ தோற்றபோதுதான் தவறு அம்மாவிடம் மட்டும் இல்லை என்று உறைத்தது. அவர் உட்கார்ந்திருந்தது ஜன்னலுக்கு முதுகைக் காட்டி. வெளிச்சம் முழுக்கப் பின்னால். போனுக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டாக ஓர் உருவம். நாற்காலியைத் திண்ணைக்குக் கொண்டுபோய்த் தெருவைப் பார்க்கப் போட்டேன். புரை ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட கண்ணாடியில் வானம் பளபளத்தது, அதைக் கழற்றச் சொன்னேன். போனை அம்மாவின் கண் மட்டத்துக்கு இறக்கிப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு துண்டு காற்றில் பறந்து விழ, அம்மா அதைப் பார்த்து இமைத்தார். வட்டம் பச்சை. முடிந்தது. பிரமாண் எண், அதாவது அந்தச் சான்றிதழின் அடையாள எண், திரையில் வந்தது, மொபைலுக்குக் குறுஞ்செய்தியும் வந்தது. ஜீவன் பிரமாண் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துச் சான்றிதழை இறக்கிக்கொண்டேன்.

அதோடு வேலை தீர்ந்தது என்று நான் நினைத்ததுதான் பெரிய தப்பு. பத்து நாள் கழித்துச் சும்மா நிலவரம் பார்த்தால், நிராகரிக்கப்பட்டது என்று இருந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது. பிரமாண் எண் வந்தால் சான்றிதழ் உருவாகிவிட்டது என்றுதான் அர்த்தம். பென்ஷன் கொடுக்கும் இடம் அதை ஏற்றுக்கொள்வது தனி வேலை. எங்கள் விஷயத்தில் தவறு என்னுடையது. பி.பி.ஓ. புத்தகத்தின் பழைய ஜெராக்ஸைப் பார்த்து எண்ணை அடித்திருந்தேன். மங்கிப்போன தாளில் 8 எனக்கு 0 ஆகத் தெரிந்திருக்கிறது. வங்கி கொடுத்த பென்ஷன் சீட்டில் அதே எண் தெளிவாக அச்சாகியிருந்தது. அதைப் பார்த்து முதலிலிருந்து செய்தேன். இந்த முறை திண்ணை, தெருப்பக்கம், கண்ணாடி இல்லாமல். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் விட்டுப் பார்த்தபோது ஏற்கப்பட்டது என்று வந்தது. இன்றுவரை யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எண்ணைப் பென்ஷன் சீட்டில் பார்த்து அடியுங்கள், ஒரு வாரம் கழித்து நிலவரத்தைப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மாதம் ஒரு நாள், பென்ஷன் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், லைஃப் சர்டிபிகேட்டைப் புதுப்பிக்க ஓடிபி சொல்லுங்கள் என்று ஒருவன் அம்மாவுக்குப் போன் செய்தான். நல்லவேளை, அம்மா, "எம் பொண்ணு ஏற்கனவே போட்டுட்டா தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார். இதற்காக எந்த அலுவலகமும் போன் செய்து ஓடிபி கேட்காது. செயலிக்குக் கட்டணமும் கிடையாது. தோதான போன் இல்லாதவர்கள் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிச் சேவையில் சொல்லிவைத்தால், தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்கு எடுத்துக் கொடுப்பார். பழையபடி வங்கிக்குப் போய்க் காகிதத்தில் கொடுப்பதையும் யாரும் நிறுத்திவிடவில்லை.

போன வருஷம் இது மூன்றாவது முறை. பிரமாண் எண் ஆயுளுக்கும் செல்லாது, ஒவ்வொரு வருஷமும் புதிதாக எடுக்க வேண்டும். நாங்கள் முடித்ததைப் பக்கத்து வீட்டு மாமா மோப்பம் பிடித்துவிட்டார். அவரும் அப்பாவோடு பணிமனையில் இருந்தவர். எண்பது தாண்டியவர்களுக்கு அக்டோபர் முதல் தேதியிலிருந்தே சான்று எடுக்கலாம் என்பதால் இந்த வருஷம் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். பி.பி.ஓ. புத்தகம், பாஸ்புக், ஆதார் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். தலைக்கு எண்ணெய் தடவி, இஸ்திரி போட்ட சட்டை. ஆதார் எடுத்தபோது மீசை இருந்தது, இப்போது இல்லை, அதனால் ஏதும் ஆகுமா என்று கவலையாகக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா உள்ளேயிருந்து நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். திண்ணையில் சரியான இடத்தில் அவரே சாக்பீஸால் நான்கு புள்ளி வைத்திருந்தார், கோலம் மாதிரி. நாற்காலிக் கால்களை அதன் மேல் நிறுத்தினார்.

"மீசையெல்லாம் இருக்கட்டும்ணே. கண்ணாடியக் கழட்டிட்டு நேரா தெருவப் பாத்து உக்காருங்க. வட்டம் பச்சையானதும் நான் சொல்றேன், அப்ப ஒரு தடவை சிமிட்டுங்க. இறுக்கி மூடிடாதீங்க."

மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் போனைத் தாழ்த்திப் பிடித்தேன்.