முப்பத்தேழு வயதுக் கிழவர்

மார்ச் 4

பேசக் கூடாது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டதால், காலை முதல் அமெரிக்க நடிகர் லீ ஜே. காப்பின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1966இல் கேட்மன் நிறுவனம் ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தை இசைத்தட்டில் வெளியிட்டபோது, முதிய விற்பனையாளர் வில்லி லோமனாக அவரும் மனைவி லிண்டாவாக மில்ட்ரெட் டனக்கும் பேசினார்கள். 1949இல் பிராட்வே மேடையில் அந்த வேடங்களை முதலில் ஏற்றவர்களும் இவர்களே. முகம் மறைந்திருக்கும்போது அந்தக் குரலின் கனம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அது அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, நெஞ்சுக்கூட்டில் ஒருமுறை தங்கி, பிறகே தொண்டைக்கு வருகிறது. வில்லி கத்தும்போது அது உறுதியாக நிற்கிறது. மகனைச் சமாதானப்படுத்த முயலும்போது உடைகிறது. பக்கத்து வீட்டுப் பையன் பெர்னார்டாகப் பேசும் இளைஞர் டஸ்டின் ஹாஃப்மன். 1984இல் அவரே பிராட்வேயில் வில்லியாக நடித்தார்.

மார்ச் 5

அவருடைய வயதைப் பற்றிய நினைப்பு என்னை விட்டு அகலவில்லை. காப் பிறந்தது 1911 டிசம்பரில். நியூயார்க்கின் மொராஸ்கோ அரங்கில் 'சேல்ஸ்மேன்' அரங்கேறியது 1949 பிப்ரவரி 10ஆம் தேதி. அப்படியானால் அறுபதைத் தாண்டிய, ஓய்ந்துபோன, மாதிரிப் பெட்டிகளைத் தூக்க முடியாமல் தூக்கிவரும் அந்த மனிதருக்கு முப்பத்தேழு வயதுதான்! 1939இல் வந்த 'கோல்டன் பாய்' படத்தில் அவர் வில்லியம் ஹோல்டனுக்குத் தந்தையாக நடித்தார். இருவருக்கும் இடையே ஏழு வயது வித்தியாசம்கூட இல்லை. 1963இல் 'கம் ப்ளோ யுவர் ஹார்ன்' படத்தில் ஃபிராங்க் சினாட்ராவுக்குத் தந்தை. சினாட்ரா அவரைவிட நான்கே வயது இளையவர். காதலனாக நடித்திருக்க வேண்டிய ஆண்டுகளையெல்லாம் ஒருவர் தந்தையாகவே கழித்திருக்கிறார். கனத்த உடலும் முன்னரே ஏறிவிட்ட நெற்றியும் காரணம் என்று சொல்லலாம், ஆனால் அது எனக்குப் போதவில்லை. நாற்காலியில் அமர்வதற்கு முன் அதன் கைப்பிடியைத் தேடுகிற ஒரு நொடித் தயக்கத்தை ஒப்பனையால் கொண்டுவர முடியாது.

மார்ச் 6

முடிவு இன்றும் வரவில்லை.

மார்ச் 8

வலி குறைந்திருக்கிறது, ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வில்லியைச் சிறிய உருவம் கொண்ட மனிதனாகவே மில்லர் முதலில் கற்பனை செய்திருந்தார். பெரிய உடம்புக்காரரான காப் அந்த வேடம் தனக்கே உரியது என்று உறுதியாக நம்பி வந்தபோது, வசனத்தை மாற்ற வேண்டியதாயிற்று: ஒருவன் வில்லியை இறால் என்று கேலி செய்ததாக இருந்த இடத்தில் யானை போன்ற தந்தம் கொண்ட பெரிய கடல்விலங்கான வால்ரஸ் வந்து அமர்ந்தது. ஹாஃப்மன் நடித்தபோது இறால் மீண்டும் திரும்பியது. ஒத்திகையின் முதல் நாட்களில் காப் முணுமுணுத்தபடி, எதிலும் ஒட்டாதவராக அமர்ந்திருந்தார் என்றும், தேர்வு தவறிவிட்டதோ என்ற கவலை தமக்கு எழுந்தது என்றும், பிறகு ஒருநாள் அவர் எழுந்து நடந்து பேசத் தொடங்கியபோது வில்லி அங்கே இருந்தான் என்றும் மில்லர் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். அந்தக் காத்திருப்பை நான் மிகவும் மதிக்கிறேன். இயக்குநர் இலியா கசான் அவரை விரட்டவில்லை. இருவரும் 1930களில் குரூப் தியேட்டர் என்ற நாடகக் குழுவில் ஒன்றாக இருந்தவர்கள்; நடிகன் உள்ளேயிருந்து ஒன்றைத் தேடி எடுக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது அங்கே எல்லோரும் பழகிய ஒழுக்கம்.

நாடகம் 742 முறை நடந்தது. காப் அத்தனையிலும் நடிக்கவில்லை. சில மாதங்களில் களைத்து விலகினார். தினமும் இரவு தற்கொலைக்குப் போகிற மனிதனாக இருப்பது எவருக்கும் எளிதன்று.

மார்ச் 9

1951இல் 'சேல்ஸ்மேன்' படமானபோது டனக் இருந்தார், வில்லியின் இளைய மகன் ஹாப்பியாக நடித்த கேமரன் மிட்செல் இருந்தார், வில்லியாக ஃபிரெட்ரிக் மார்ச் இருந்தார். காப் இல்லை. மார்ச் பெரிய நடிகர்தான், ஆயினும் இன்று முழுவதும் எனக்குக் கோபம் தணியவில்லை.

மார்ச் 11

இதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

1951இல் நடிகர் லாரி பார்க்ஸ், கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த, நாடாளுமன்றத்தின் அமெரிக்க விரோத நடவடிக்கைகள் விசாரணைக் குழுவின் முன் காப்பின் பெயரைச் சொன்னார். காப் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஒத்துழைக்க மறுத்தார். 1953 ஜூன் 2ஆம் தேதி அதே குழுவின் முன் அமர்ந்து, கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததாக இருபது பேரின் பெயர்களைச் சொன்னார். கையில் பணமில்லை, கடன் கிடைக்கவில்லை, குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்று பின்னாளில் காரணம் கூறினார். அவர் மனைவியும் அந்த ஆண்டுகளில் கடுமையாக நோயுற்றிருந்தார். இவற்றில் எதையும் நான் சந்தேகிக்கவில்லை. இருந்தும், குரூப் தியேட்டரில் அவரோடு இருந்த ஜான் கார்ஃபீல்டு, பெயர்களைச் சொல்லாமல் வேலையிழந்து, 1952 மே மாதம் முப்பத்தொன்பது வயதில் மாரடைப்பால் இறந்தார் என்பதும் உண்மை. மில்லர் 1956இல் அதே குழுவின் முன் பெயர் சொல்ல மறுத்துத் தண்டனை பெற்றார். அத்தீர்ப்பு 1958இல்தான் ரத்தாயிற்று.

காப் சாட்சியம் சொன்ன அதே ஆண்டின் இறுதியில், நியூஜெர்சியின் ஹோபோகன் துறைமுகத்தில் 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' படப்பிடிப்பு நடந்தது. இயக்கியவர் கசான், எழுதியவர் பட் ஷுல்பர்க். இருவரும் முன்னரே பெயர்களைச் சொன்னவர்கள். படமோ, விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொல்லும் ஒருவனை வீரனாக்குகிறது. அதில் காப்புக்குக் கிடைத்தது, சாட்சி சொல்பவர்களைக் கொல்லும் தொழிற்சங்கத் தலைவன் ஜானி ஃபிரெண்ட்லியின் வேடம். தன்னைக் காட்டிக்கொடுத்தவன்மீது அவர் பாய்கிற சினத்தைப் பார்க்கும்போது, அவர் யார்மீது பாய்கிறார் என்று கேட்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. அந்த வேடம் அவருக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரையைத் தந்தது.

நடிப்பை நேசிக்கிறேன், செயலை மன்னிக்க முடியவில்லை என்று பிரித்துவிடலாம். ஆனால் இரண்டும் ஒரே உடம்பிலிருந்து வந்தவை.

மார்ச் 12

இருபது பேர். இரவில் தூக்கம் வரவில்லை.

மார்ச் 14

1955இல் அவருக்குக் கடுமையான மாரடைப்பு வந்தது. அதிக நெருக்கம் இல்லாத சினாட்ரா, மருத்துவச் செலவை ஏற்று, உடல் தேறும்வரை தங்க இடமும் கொடுத்தார். இந்தச் செய்தியை இன்று மறுபடி படித்தபோது அழுதேன். உதவுபவர்கள் எப்போதும் நாம் எதிர்பார்க்கும் திசையிலிருந்து வருவதில்லை என்பதை இந்த வாரம் நானும் கண்டேன்.

மார்ச் 15

'12 ஆங்கிரி மென்' (1957), மறுபடியும். கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு பேரில் மூன்றாம் ஜூரர் காப். தன்னை விட்டுப் போன மகன்மீதுள்ள காயத்தை, குற்றம் சாட்டப்பட்ட பையன்மீது இறக்கிவைக்கும் தந்தை. மற்றவர்களெல்லாம் மாறிய பின்பும் கடைசியாக நிற்பவர் அவரே. பணப்பையை மேசையில் வீசுகிறார், மகனோடு எடுத்த படம் வெளியே சரிகிறது, அதைக் கிழிக்கிறார், பிறகு குனிந்து விம்முகிறார். ஹென்றி ஃபோண்டாவின் நிதானம் படத்தைத் தாங்குகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். காப் அந்த எதிர்த்திசையில் இவ்வளவு பலமாக இழுக்காவிட்டால் அந்த நிதானத்துக்கு என்ன மதிப்பு? நான்கு முறை அந்தக் காட்சியைத் திரும்ப ஓட்டினேன். விம்மலுக்கு முன் அவர் மூச்சை உள்ளே இழுக்கவே இல்லை. இருந்த மூச்சிலேயே உடைந்துபோகிறார். தொண்டையை இவ்வளவு திறந்துவைக்க எனக்கு எப்போது முடியும்?

மார்ச் 16

தொலைபேசி ஒலித்தது. வேறு யாரோ.

மார்ச் 17

1966 மே மாதம் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'சேல்ஸ்மேன்' ஒளிபரப்பாயிற்று. மீண்டும் காப், மீண்டும் டனக். அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு. முதுமையைத் தேடிப் போக வேண்டிய தேவை குறைந்து, அது பாதி வழி எதிர்கொண்டு வந்திருந்தது. மொராஸ்கோவில் அவர் எப்படி இருந்தார் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும்; அந்தக் கட்டடத்தையே 1982இல் இடித்துவிட்டார்கள். ஆகவே இந்தப் பதிவு கிடைத்ததற்கு நன்றியோடு இருக்கிறேன்.

1968இல் லிங்கன் சென்டரின் விவியன் போமான்ட் அரங்கில் அவர் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக நடித்தார். மறுபடியும் தன் வயதைத் தாண்டிய வேடம். மறுபடியும் பிள்ளைகளைத் தவறாக எடைபோட்ட தந்தை. ஒரு மாரடைப்பைக் கடந்தவர், இறந்த மகளைச் சுமந்து வந்து ஓலமிட வேண்டிய பாத்திரத்தைத் தாமாக ஏற்றிருக்கிறார். அந்த ஓலத்துக்கு எத்தனை மூச்சு தேவைப்பட்டிருக்கும் என்று இன்று மாலை முழுவதும் யோசித்தேன். நாளை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். லியரைப் பற்றி இன்னும் நிறைய எழுத வேண்டும்.