எஸ்ட்ரேஸ் ஆப்ஷன்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதிய கதை

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் இடத்தில், புதிதாக வரும் பையன்களுக்கு எஸ்ட்ரேஸ் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்தது. லினக்ஸில் ஒரு புரோகிராம் ஓடும்போது அது சிஸ்டத்திடம் கேட்டு வாங்கும் ஒவ்வொரு வேலையையும், அதாவது சிஸ்டம் காலையும், திரையில் காட்டுகிற கருவி அது. அதன் கூடவே வரும் ஆங்கிலக் கையேடான மேன் பேஜை அப்படியே தமிழில் இறக்கி வைத்தால் ஒருத்தனும் படிக்கமாட்டான். அதனால் ஒவ்வொரு ஆப்ஷனையும் போட்டும் போடாமலும் ஓடவிட்டு, திரையில் என்ன மாறுகிறதோ அதை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன்.

மைனஸ் எஃப் சுலபம். அது இல்லாமல் ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டினால் ஷெல் செய்வது மட்டும் தெரியும், அது கிளப்பிவிடும் மற்ற பிராசஸ்கள், அதாவது தனித்தனியாக ஓடும் புரோகிராம்கள், வராது. போட்டால் எல்லாம் கலந்துகட்டி வரும். இரண்டு எஃப் போட்டு, வெளியீட்டை ஃபைலில் எழுதும் மைனஸ் ஓவில் ஃபைல் பெயரும் கொடுத்தால் பிராசஸுக்கு ஒரு ஃபைல், பெயரின் வாலில் அதன் எண்.

இழுத்தடித்தது மைனஸ் எஸ்தான். சிஸ்டம் காலுக்குள் போகும் ஸ்டிரிங்கில் எத்தனை பைட் காட்டவேண்டும் என்பதை அது சொல்கிறது, நாம் ஒன்றும் கொடுக்காவிட்டால் 32. "32 போதாதாண்ணே?" என்றான் ஒருத்தன். "ஏல, நம்ம ஊர்ப் பேரையே எக்கோ பண்ணிப் பாரு" என்றேன். திருநெல்வேலி என்பது, எழுத்துகளை பைட்டாக்கும் முறையான யூட்டிஎஃப்-8ல் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணினால் 12 குறி, குறிக்கு 3 பைட், ஆக 36, வரி முடிவையும் சேர்த்து 37. அதை எழுதும் 'ரைட்' என்ற சிஸ்டம் காலின் கடைசியில் 37 என்று ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் மேற்கோளுக்குள் தமிழே இல்லை, 'த'வுக்கு 340, 256, 244 என்று ஆரம்பித்து ஒரே ஆக்டல் (எட்டின் அடிமான) எண்கள், அதுவும் 'லி' முடிவதற்குள் அறுந்துபோய் மூன்று புள்ளி! குறிப்பில் இந்த உதாரணத்தையே வைத்துவிட்டேன், ஃபைல் பெயர்களுக்கு இந்த வெட்டு கிடையாது என்ற வரியோடு.

சிஸ்டம் கால்களுக்கு ஆன நேரத்தைக் கூட்டிக் கணக்குக் காட்டும் மைனஸ் சிக்கும் இதே வழிதான். 5 விநாடி சும்மா காத்திருக்கும் ஸ்லீப் 5ஐ அதில் ஓட்டினால் கணக்கில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும், ஏனென்றால் அது எண்ணுவது சிஸ்டம் உண்மையில் வேலை செய்த நேரத்தை, காத்துக் கிடந்த நேரத்தை அல்ல. கூடவே மைனஸ் டபிள்யூ போட்டால்தான் அந்த 5 விநாடி வெளியே வரும்.

அப்புறம் மைனஸ் பி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸில் போய் ஒட்டிக்கொள்ள. உபுண்டுவில் வழக்கமான அமைப்பில், நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சூடோ இல்லாமல் இது பெரும்பாலும் நடக்காது. அதை மட்டும் முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன், இல்லையென்றால் "பர்மிஷன் இல்லைங்குதுண்ணே" என்று வரிசையாக என் சீட்டுக்குத்தான் வருவார்கள்.