விஏ-வில் அக்குபங்சர்: ரெஃபரல் முதல் கடைசி ஊசி வரை

அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான விஏ மருத்துவமனையில் "எனக்கு அக்குபங்சர் போடுங்கள்" என்று கவுண்டரில் நின்று கேட்டால் வேலை நடக்காது. உங்களை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ரெஃபரல், அதாவது அந்தச் சிகிச்சைக்கான பரிந்துரை, போட வேண்டும்.

கேட்பதற்கு உங்களுக்கு இருக்கும் பிடிமானம் 2017-இல் வந்த விஏ-வின் 1137-ஆம் எண் உத்தரவு. அக்குபங்சர், பயோஃபீட்பேக் (உடலின் அளவீடுகளைக் கருவியில் பார்த்துக் கட்டுப்படுத்தப் பழகுவது), ஹிப்னாஸிஸ், கைடட் இமேஜரி (வழிகாட்டலோடு மனதில் காட்சிகளைக் கற்பனை செய்வது), மசாஜ், தியானம், தாய் சி (மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சி), யோகா ஆகிய எட்டும் மருத்துவக் காரணம் இருந்தால் விஏ சலுகைக்குள் வரும். கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் சிகிச்சை) இந்தப் பட்டியலில் இல்லையே என்று பதற வேண்டாம். அது அதற்கு முன்பிருந்தே வழக்கமான சிகிச்சைதான்.

விஏ-வில் நோயை மட்டும் பார்க்காமல் முழு ஆரோக்கியத்தையும் பார்க்கும் 'ஹோல் ஹெல்த்' பிரிவில் முதலில் ஒரு படிவம் தருவார்கள். தூக்கம், சாப்பாடு, உடலசைவு, உறவுகள் என்று எட்டு விஷயங்களில் இப்போது எங்கே இருக்கிறீர்கள், எங்கே போக வேண்டும் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்லும். பலரும் இதை வெட்டிவேலை என்று கிறுக்கித் தள்ளுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். "முதுகு வலிக்கிறது" என்று எழுதினால் மாத்திரையோடு முடிந்துவிடும். "பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை, பேரனைத் தூக்க முடியவில்லை" என்று எழுதினால் டாக்டருக்கு ரெஃபரலில் காட்டக் காரணம் கிடைக்கும்.

பல இடங்களில் தொடக்கம் 'போர்க்கள அக்குபங்சர்'. விமானப்படை மருத்துவர் ரிச்சர்ட் நீம்சோ 2001-இல் உருவாக்கியது. காதில் ஐந்து புள்ளிகள், ஒவ்வொன்றிலும் ஆணி மாதிரி ஒரு குட்டி ஊசி. முதல் ஊசி போட்டதும் எழுந்து நடக்கச் சொல்லி, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். நன்றாகக் குறைந்துவிட்டால் ஐந்தும் போடாமலேயே நிறுத்திவிடலாம். அதனால் மரியாதைக்காகக் குறைத்தோ கூட்டியோ சொல்லாதீர்கள். ஊசிகள் மூன்று நான்கு நாளில் தானாக விழும். படுக்கையில் விழுந்ததைப் பார்த்து எடுங்கள், குத்தும். அந்த நாட்களில் எம்ஆர்ஐ இருந்தால் முன்கூட்டியே சொல்லிக் கழற்றிவிடுங்கள். சிலருக்கு வலி நிவாரணம் சில நாள்தான் நிற்கும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது.

விஏ-வில் தேதி கிடைக்க 28 நாளுக்கு மேலானாலோ, சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டியிருந்தாலோ, வெளி கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். பணம் கைவிட்டுப் போவது இங்கேதான். விஏ-வின் அனுமதி எண் வருவதற்கு முன் போய்ப் படுத்தால் பில் உங்கள் தலையில் விழலாம். அனுமதியில் இத்தனை தடவை என்பதோடு முடிவுத் தேதியும் இருக்கும். தடவை மீதமிருந்தும் தேதி தாண்டி மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

நீட்டிப்பு வேண்டுமென்றால் 10-10172 படிவத்தை அனுப்ப வேண்டியது அந்த கிளினிக், நீங்கள் அல்ல. கடைசி இரண்டு அமர்வு இருக்கும்போதே நினைவூட்டுங்கள். "நோயாளி நன்றாக இருக்கிறார்" என்ற குறிப்பு மட்டும் போனால் போதாது. முன்பு பத்து நிமிடம் நின்றவர் இப்போது எத்தனை நிமிடம் நிற்கிறார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

பயணப்படிக்குத் தகுதி இருந்தால், ஒவ்வொரு அமர்வுக்கும் 30 நாளுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.