லெதர் சீட்டுக்கு எண்ணெய் வேண்டாம்: தேய்ந்த ஓட்டுநர் இருக்கையை வீட்டிலேயே சரிசெய்த அனுபவம்

பத்து வருடக் காரில் முதலில் தேய்வது ஓட்டுநர் இருக்கையில் கதவுப்பக்கம் எழும்பி நிற்கும் மேடுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு அதில்தான் உரசுகிறது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமச் சான்றிதழான சிஓஇ-யை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த கையோடு இந்த வேலையில் இறங்கினேன். பழுப்பு வெள்ளை சீட், முன்வரிசை மட்டும். இரண்டு நாள் பிடித்தது. அதில் நிறம் பூசிய நேரம் மூன்று மணிகூட இருக்காது. மீதி முழுக்கச் சுத்தம் செய்ததும் காயவிட்டதும்தான்.

கார் லெதரில் பெரும்பாலானவற்றின் மேல் நிறப்பூச்சும் அதற்கு மேல் பாலியூரித்தேன் பூச்சும் இருக்கும். நம் கை படுவது தோலில் இல்லை, அந்தப் பூச்சில். வெளுப்பதும் கீறல் கீறலாக வெடிப்பதும் பெரும்பாலும் அதுதான். அதனால் தேங்காயெண்ணெய், ஆலிவ் எண்ணெய் தடவினால் உள்ளே இறங்காது. மேலே பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் வரும். அதைவிடப் பெரிய கெடுதல், பிறகு பூசும் நிறம் ஒட்டாது.

தொடங்குமுன் மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சுள்ள லெதர், வேலையைத் தொடரலாம். உடனே உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாத அனிலின் லெதர். அதில் கை வைக்காதீர்கள். பல கார்களில் உட்காரும் முகப்பு மட்டுமே தோல், பக்கவாட்டு வினைல்.

சுத்தம் செய்வதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, லெதர் கிளீனரை மென்மையான பிரஷ்ஷில் நுரையாக்கி, ஒரு அடி சதுரமாகத் தேய்த்துத் துடைத்தேன். மந்திர ஸ்பாஞ்ச் என்று விற்கும் வெள்ளைக் கட்டி வேண்டாம், அது நுண்ணிய உப்புத்தாள் போலப் பூச்சைச் சுரண்டும். அடுத்தது 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். வெள்ளைப் பருத்தித் துணியில் நனைத்து, பளபளப்பு அடங்கி மங்கும்வரை துடைக்க வேண்டும். தலை சாயும் இடத்தைத் தனியாகக் கவனியுங்கள். வருடக்கணக்கில் தலை எண்ணெய் ஊறிய இடம் அது. மற்ற இடங்களில் இரண்டு தடவை போதுமென்றால், அங்கே துணியில் மஞ்சள் கறை வருவது நிற்க ஐந்து தடவை ஆனது. அசிட்டோன் வேண்டாம், அது அடியிலுள்ள நிறத்தையும் கரைத்துவிடும்.

டாஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிகோன் ஸ்ப்ரே சீட்டில் பட்டிருந்தால், நிறம் பூசும்போது மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகி நிற்கும். அதன்மேல் இன்னொரு பூச்சு போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். ஈரத்துணியால் அப்போதே துடைத்தெடுத்து, ஆல்கஹாலில் இருந்து மறுபடி தொடங்குங்கள்.

பிறகு 600 உப்புத்தாளால் வெடிப்பின் விளிம்புகளை மட்டும் தடவிச் சமன்செய்தேன். நார் தெரிந்த இடத்தில் நாரை இறுக்கிப் பிடிக்கும் லெதர் பைண்டரை ஸ்பாஞ்ச்சால் ஒற்றி ஒற்றி நான்கு தடவை இறக்கினேன்; பஞ்சு மாதிரி இருந்த நார் இறுகிப் படிந்தது. வெடிப்புக்கு லெதர் ஃபில்லர், சுவருக்குப் பட்டி பார்ப்பது போலத்தான். பஸ், ரயில் பயணத்துக்கான ஈஸி லிங்க் கார்டு காலாவதியாகிக் கிடந்தால் இதற்கு அருமையான கருவி, சீட்டின் வளைவுக்கு வளைந்து கொடுக்கும். ஒரே தடவையில் அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே நிற்கும். உட்கார்ந்த முதல் நாளே பிளக்கும். மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம், கடைசியில் 800 தாள். துளையுள்ள சீட்டில் துளைக்குள் ஃபில்லர் போகாமல் பாருங்கள்.

நிறத்தைத் தலைசாய்வின் பின்பக்கத்தோடு ஒப்பிடுங்கள், அதையும் சுத்தம் செய்த பிறகு. பாட்டிலில் வெளிறித் தெரியும் நிறம் காய்ந்ததும் ஒரு படி கறுக்கும். அதனால் சின்னதாகத் தடவிக் காயவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பலமாடி கார் பேட்டையின் குழல்விளக்கு ஏமாற்றும். நிறம் பார்க்க மொட்டைத்தளத்துக்குப் போனேன், பூசக் கூரையுள்ள தளத்துக்கு இறங்கினேன். வெயிலில் பூசினால் ஸ்பாஞ்ச்சிலேயே காய்ந்து இழுத்த கோடு விழும்.

ஆறு பூச்சு ஆனது. முதல் இரண்டு திட்டுத் திட்டாகத்தான் தெரியும். பதறிக் கனமாகப் பூசக்கூடாது. முன்வரிசை இரண்டுக்கும் 250 மி.லி. பாட்டில் தாராளம். ஹேர் டிரையருக்குப் பேட்டையில் பிளக் இல்லை. ஏர்கானைப் போட்டு உலர்த்தலாம் என்றால், நின்ற காரில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம். சார்ஜ் செய்யும் சின்ன மின்விசிறியை நான்கு கதவும் திறந்து வைத்து ஓடவிட்டேன். ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஊர், பூச்சுக்குப் பூச்சு 25 நிமிடம் எடுத்தது. மழை பிடித்தால் நிறுத்திவிடுங்கள். புறங்கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் காயவில்லை.

நிறத்தைக் காக்கும் மேல்பூச்சு பளபளக்காத மேட் (matte) வகையாக இருக்கட்டும், பளபளப்பானது பார்த்தவுடனே பூசியது என்று காட்டிக்கொடுக்கும். பூச்சைக் கெட்டியாக்கும் இறுக்கியை (hardener) கலக்கும் வகையென்றால் பாட்டிலில் சொன்ன அளவை மீறாதீர்கள், அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். மூன்று பூச்சுக்குப் பிறகு ஒரு நாள் உட்காரவில்லை, ஒரு வாரம் ஈரத்துணி படவில்லை. புது ஜீன்ஸின் நீலம் இந்த நிறத்தில் சட்டென்று ஏறும், முதல் மாதம் அதையும் தவிர்த்தேன்.

மிஞ்சிய நிறத்தைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி, கலந்த விகிதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். கதவுப்பக்க மேட்டுக்கு மட்டும் பிறகு இன்னொரு பூச்சு தேவைப்படும்.