காசநோய்க் கிருமியின் மரபுவழிகள்: நான் படித்துத் தேறிய விதம்

முதுநிலை நுண்ணுயிரியல் படித்தபோது, காசநோய்க் கிருமியின் மரபணுப் பன்மையை முதலில் அட்டவணையாகவே மனப்பாடம் செய்தேன். முதல் மரபுவழி இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகளிலும், இரண்டாவது கிழக்காசியாவிலும், மூன்றாவது வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மிகுதி. நான்காவது ஐரோப்பா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா எனப் பரந்தது. ஐந்தும் ஆறும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும், ஏழாவது எத்தியோப்பியாவுக்கும் உரியவை. மாதிரித் தேர்வில், தென்னிந்திய நோயாளிகளின் கிருமிகளை, ஐஎஸ்6110 என்னும் டிஎன்ஏ துண்டைக் கொண்டு அடையாளம் காணும் கைரேகை முறையால் பிரித்தறிவது ஏன் கடினம் என்று கேட்டிருந்தார்கள். என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

அதன்பின் அட்டவணையை ஒதுக்கிவிட்டு, கிருமியின் இயல்பிலிருந்து தொடங்கினேன். சுமார் 44 லட்சம் டிஎன்ஏ கார இணைகள் கொண்ட இதன் மரபணுத்தொகுதி 1998-இல் வாசிக்கப்பட்டது. மற்ற பல பாக்டீரியாக்களைப் போலன்றி, இது பிற கிருமிகளிடமிருந்து மரபணுக்களைப் பெரும்பாலும் பெறுவதில்லை என்பதால், ஒருமுறை இழந்த டிஎன்ஏ துண்டு மீண்டும் வருவதில்லை. ஆகவே அந்த இழப்பே வம்சாவளியின் அடையாளமாகிறது. டிபிடி1 என்னும் துண்டு முதல் மரபுவழியில் அப்படியே இருக்கிறது. இரண்டு, மூன்று, நான்கு ஆகியவை அதை இழந்தவை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிளைப்படத்தை வரைந்ததும், எண்களுக்கு உறவுமுறை வந்துவிட்டது.

தவறவிட்ட கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்தது. ஐஎஸ்6110 என்பது இடம் மாறிச் செருகிக்கொள்ளும் டிஎன்ஏ துண்டு. அதன் பிரதிகள் எத்தனை, எங்கெங்கே உள்ளன என்பதே அந்தக் கைரேகை. தென்னிந்தியாவில் மேலோங்கிய முதல் மரபுவழிக் கிருமிகள் பலவற்றில் ஒரே பிரதிதான் உண்டு, சிலவற்றில் அதுவும் இல்லை. ஆகவே தொடர்பில்லாத இருவரின் கிருமிகளும் ஒன்றுபோலத் தெரியும். அதனால்தான் மீள்தொடர்களுக்கு நடுவே வரும் 43 இடைத்துண்டுகளில் எவை உள்ளன என்று பார்க்கும் ஸ்பாலிகோடைப்பிங்கும், 24 இடங்களில் அடுத்தடுத்து மீளும் டிஎன்ஏ தொடர்களை எண்ணும் முறையும், இன்று முழு மரபணு வாசிப்பும் இங்கே தேவைப்படுகின்றன. பிற ஊர்களின் கிருமிகளை வைத்து உருவான ஒரு முறை நம் ஊர்க் கிருமியிடம் தடுமாறுவதை அறிந்த நாளிலிருந்து, இந்தப் பாடம் எனக்கு மிக நெருக்கமானது.

ஓர் எச்சரிக்கை: 1960-இல் வெளியான ஒப்பாய்வில், சென்னை நோயாளிகளின் கிருமிகள் பல, பிரித்தானியக் கிருமிகளைவிடக் கினிப்பன்றிகளில் வீரியம் குறைந்திருந்தன. இதைக் கொண்டு, அவை மனிதருக்கும் தீங்கு குறைந்தவை என்று விடைத்தாளில் எழுதிவிட வேண்டாம். விலங்கில் கண்டதை விலங்கோடு நிறுத்தி எழுதுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம், புத்தகம் பாராமல் கிளைப்படத்தை நாளுக்கு ஒருமுறை வரைந்து, ஒவ்வொரு கிளையிலும் இழந்த துண்டையும் அது மிகுந்துள்ள நிலப்பகுதியையும் குறித்துப் பாருங்கள்.